வலது கைக்கு

முப்பத்தொரு வருடம் அஞ்சல் முத்திரை குத்திய கை.
இடது கை தபாலை நகர்த்தியதோடு சரி.
வீக்கத்துக்கும் நியாயம் தெரிந்திருக்கிறது,
வலது கையில் மட்டும் வந்து உட்கார்ந்தது:
ஆள்காட்டி விரலின் அடிமூட்டில் ஒன்று,
நடுவிரலில் அதைவிடப் பெரிதாக ஒன்று.
கட்டைவிரல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

கேர்ட்லா மருத்துவமனையில் புதிதாக வந்தவர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
அழற்சி என்றார்.
அந்தச் சொல்லுக்குள் நெருப்பு இருப்பது
எனக்கு முன்பே தெரியும்.
மாத்திரை தந்தார்.
மாத்திரை விரலை விட்டுவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே ஜூனில், பூ விடுவதற்கு முன்,
சவுனாவின் பின்சுவரை ஒட்டி
சாம்பல் கொட்டிக் கொட்டிக் கறுத்த ஈரத்தில்
இடுப்புயரம் நிற்கும் காஞ்சொறி.
நான் கையுறை போடுவதில்லை.
போட்டால் வைத்தியம் இல்லை.
கண்ணாடி ஊசிகள் உடைந்து உள்ளே இறங்க
புறங்கை முழுவதும் தடித்துச் சிவக்கும்.
பல்லைக் கடித்துக்கொண்டு
பழைய தபால் வண்டி நின்ற ஊர்களை
வரிசையாகச் சொல்வேன்:
கேய்னா, எம்மாஸ்தே, கோர்கெசாரே.
கோர்கெசாரே வருவதற்குள் தாங்க முடிந்தால்
அன்றைக்குப் போதும்.

எரிச்சல் இறங்கிப் போகும்போது
பழைய வலியையும் கூட்டிக்கொண்டு போகிறது.
வெகுதூரம் இல்லை.
வெள்ளரி ஊறுகாய்ச் சாடியை
நானே திறக்கிற அளவு.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
ஆய்வுகள் குறைவு, இருப்பவையும் சிறியவை என்றார்.
சாடி பெரியது என்றேன்.

பிறகு ஒரு புதன்கிழமை
பேருந்திலிருந்து இறங்கும்போதே பச்சை வாசனை.
சவுனாவின் பின்னால் ஹெல்டூர்,
அரிவாள் தோளில், வேர்வை மூக்கு நுனியில்.
"போன வாரம் கடையில் உன் கையைப் பார்த்தேன், லைனே.
முழுக்கத் தடிப்பு.
இனி கொட்டாது."
முள்கரண்டி போட்டு வேரையும் கிளறியிருந்தான்.
மஞ்சள் கயிறுகளாகக் குவிந்து கிடந்தது
என் மருந்துக்கடை.

என்ன சொல்வது?
நன்றி என்றேன்.
காபி ஊற்றினேன். ருபார்ப் கேக்கில் இரண்டு துண்டு.
நல்ல வேலை, இல்லையா என்றான்.
நல்ல வேலை என்றேன்.
வாடிய காஞ்சொறிக்குக் கோபம் மறந்துவிடும்.
கஞ்சியில் போடலாம், கொதிக்கவைத்துக் குடிக்கலாம்,
ஆடு தின்னும்.
என் விரலுக்கு அந்தக் கோபம்தான் வேண்டும்.

திருடப் போகிறவளுக்கு ஜூன் மாதத்து ஹீயுமா
இருட்டு தருவதில்லை.
இரவு பதினொன்றுக்கும் வானம் மோர் நிறம்.
ஹெல்டூரின் விறகு அடுக்குக்குப் பின்னால்
அவன் அறுக்க மறந்த ஒரு புதர்.
கையை நுழைத்து
எம்மாஸ்தே வரை வந்திருப்பேன்,
சமையலறை ஜன்னல் திறந்தது.

அவன் கூப்பிடவில்லை.
செருப்பைத் தேடி எடுத்து, நடந்து வந்து,
என் கையையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தான்.
"வேண்டுமென்றேவா?"
வேண்டுமென்றேதான்.
"எவ்வளவு நாளாக?"
நான்கு கோடை.
தலையைச் சொறிந்தான்.
கேக் நன்றாக இருந்தது என்றான், ஏனோ.

சனிக்கிழமை எழுந்து பார்த்தால்
சவுனாச் சுவரை ஒட்டி ஆறு குழி.
ஆறிலும் வேரோடு பெயர்த்து வந்த காஞ்சொறி,
ஒவ்வொன்றுக்கும் தக்காளிக்கு ஊன்றுவதுபோல்
ஒரு குச்சி, கயிற்று முடிச்சு,
சுற்றிலும் நனைந்த மண்.
நூல் பிடித்த நேர்க்கோடு.
காஞ்சொறிக்குக் கொழுகொம்பு நட்டவன்
இந்தத் தீவில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

குளிர்காலம் வழக்கம்போல் மோசம்.
கட்டைவிரல் யோசித்து முடித்துவிட்டது.

மறு ஜூனில் கோடு கலைந்து
குச்சிகளைக் காணோம், ஒரே காடு.
முதல் செடியின் அடியில் கையை வைத்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் அரிவாள் தீட்டும் சத்தம் நின்றது.
"எப்படி இருக்கிறது?"

அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம்
ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"அப்படியானால் சரி" என்று
மறுபடி தீட்டத் தொடங்கினான்.